ஹைதராபாத்தின் பானச் சொற்கள்: ராய்துர்க்கம் முதல் அப்துல்லாபூர்மெட் வரை

ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஐக்கியா என்னும் அறைகலன் நிறுவனம் இந்தியாவில் தன் முதல் கடையை 2018 ஆகஸ்ட் 9 அன்று ஹைதராபாத்தின் மேற்குப் பகுதியான ஹைடெக் சிட்டியில் திறந்தது. பொருள்களுக்கு எண்களை இடாமல் ஸ்வீடிய மொழிப் பெயர்களைச் சூட்டுவது அந்நிறுவனத்தின் பழைய வழக்கம். எண்களை வரிசை பிறழாமல் நினைவில் கொள்வதில் இடர்ப்பட்ட அதன் நிறுவனர் இங்வார் கம்ப்ராத் தம் வசதிக்காகவே இம்முறையைக் கொண்டுவந்தார் என்று கூறப்படுகிறது. ஆகவே ராய்துர்க்கம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி அக்கடையின் பாத்திரப் பகுதிக்குச் செல்லும் பயணி, தெலுங்கும் உருதும் பேசும் ஒரு நகரின் நடுவே, கண்ணாடிக் குவளை ஒன்றுக்குப் போகால் என்றும், காப்பித்தூளைச் சுடுநீரில் ஊறவைத்து அழுத்தி வடிக்கும் கருவிக்கு உப்ஹெட்டா என்றும் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் காண்பார். போகால் என்பது விருந்திலும் வெற்றிப் பரிசாகவும் கைக்கு வரும் கிண்ணம். உப்ஹெட்டா என்பதற்குச் சூடேற்றுதல் என்று பொருள். ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணக்கூடிய அக்கடையின் உணவகத்தில் பிரியாணியும் சமோசாவும் ஸ்வீடிய இறைச்சி உருண்டைகளுடன் ஒரே தட்டேந்தியில் செல்கின்றன. ஆனால் குவளையை வாங்குபவர் எவரும் அதைப் போகால் என்று வீட்டில் அழைப்பதில்லை.

ஸ்வீடியர்களின் பானச் சொற்களுள் அயல்நாடுகளில் பெரிதும் அறியப்பட்டது ஃபீகா. வேலைக்கு இடையே காப்பியும் இனிப்புப் பண்டமும் வைத்துக்கொண்டு சிலர் கூடியிருக்கும் பொழுதைக் குறிக்கும் இச்சொல், காப்பிக்கு வழங்கிய காஃபி என்ற பழைய வடிவத்தின் அசைகளை முன்பின்னாகப் புரட்டி உண்டாக்கிய கொச்சை மொழி. காப்பி அந்நாட்டில் எளிதாக இடம்பெற்ற பானமன்று. 1756 முதல் 1823 வரையிலான காலத்தில் அரசு அதைப் பலமுறை தடைசெய்தும் மீண்டும் அனுமதித்தும் வந்தது. அவ்வாறு தடைகளைக் கடந்து வந்த பானத்துக்கு இரண்டாம் கோப்பையைக் குறிக்கப் போட்டோர் என்றும் மூன்றாம் கோப்பைக்கு ட்ரேடோர் என்றும் தனிப்பெயர்கள் எழுந்தன. இவ்விரண்டின் இறுதியில் நிற்கும் டோர் என்பது துளி. கண்ணீருக்கும் ஸ்வீடிய மொழியில் அதுவே சொல்.

மதுவைப் பற்றிய ஸ்வீடியச் சொற்களில் குடிப்பவரின் குரலைக் காட்டிலும் அரசின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. ஓல் என்னும் பியர், அதிலுள்ள சாராயச் சத்தின் விழுக்காட்டைக் கொண்டு லெட்டோல், ஃபோல்க்கோல், ஸ்டார்க்கோல் என்று மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. முதலிரண்டு வகைகள் மளிகைக் கடையில் கிடைக்க, 3.5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மூன்றாம் வகை பெரிதும் அரசுக் கடையிலேயே விற்கப்படுகிறது. 1922 ஆகஸ்ட்டில் முழு மதுவிலக்கு வேண்டுமா என்று நடத்தப்பட்ட பொது வாக்கெடுப்பில் வேண்டாம் என்ற தரப்பு மிகக் குறைந்த வேறுபாட்டில் வென்ற பின்னும், இவான் பிராட் என்ற மருத்துவர் வகுத்த பங்கீட்டு முறை தொடர்ந்தது. ஒருவர் மாதத்துக்கு எவ்வளவு வாங்கினார் என்பதைக் குறித்து வைக்கும் மூட்பூக் என்ற கையேடு 1955 வரை வழக்கில் இருந்தது, திருமணமான பெண்களுக்கோ பெரும்பாலும் அது தரப்படவேயில்லை. அவ்வாண்டில் பங்கீடு நீங்கியபோது உருவான சிஸ்டெம்பூலாகெட் என்ற அரசு நிறுவனத்தின் பெயரை மக்கள் சிஸ்டெமெட் என்று சுருக்கி அழைக்கின்றனர். 1983 இல் தொடங்கி, 2003 இல் சில்லறை விற்பனையையும் தன்வசமாக்கிக்கொண்ட ஒரு தமிழ்நாட்டு நிறுவனத்தின் சுருக்கப் பெயர் இன்று மதுக்கடைக்கே பொதுப்பெயராகிவிட்டதை அறிந்த தமிழருக்கு இதில் வியப்பொன்றும் இராது.

ஸ்வீடிய மொழியில் இந்தியக் கடல்வழி புகுந்த சொற்களும் உண்டு. 1731 இல் கோத்தன்பர்க் துறைமுகத்தில் நிறுவப்பட்ட ஸ்வீடியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் கிழக்கே சென்று திரும்பியபோது ஜாவாத் தீவின் அரக்கு என்னும் வடிமதுவும் அவற்றில் வந்தது. அதில் சர்க்கரை சேர்த்துச் செய்யும் புன்ஷ் என்ற இனிப்பு மது ஸ்வீடனின் தேசியப் பானங்களுள் ஒன்றாக வளர்ந்து, வியாழக்கிழமைகளில் பட்டாணிக் கஞ்சியோடு சூடாகப் பருகப்படுகிறது. அரக்கு என்பது வியர்வையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து, அதாவது வடிகலத்தின் உட்புறத்தில் துளிர்க்கும் நீரிலிருந்து, வந்தது. புன்ஷ் என்பதோ ஐந்து பொருள் சேர்ந்த கலவை என்ற கருத்தில் இந்திய மொழிகளின் பாஞ்ச் என்ற எண்ணுப்பெயரிலிருந்து ஆங்கிலேய மாலுமிகள் வழியாகச் சென்றது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அதே கம்பெனியின் அரசி உல்ரிகா எலியோனோரா என்ற கப்பல் 1733 இல் தமிழகத்தின் பரங்கிப்பேட்டைக்கு வந்து சரக்கிறக்கிப் பண்டகசாலை அமைத்ததும், சென்னையின் ஆங்கிலேயரும் புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரரும், வழக்கமாகத் தமக்குள் பகைத்தவர்கள், அன்று ஒன்றுகூடி அதைத் தாக்கிச் சரக்கைக் கைப்பற்றியதும் பலர் அறியாத வரலாறு. சோழமண்டலக் கரையில் ஸ்வீடியர் நிலைத்திருந்தால் ஹைதராபாத்துக்கு அவர்களின் சொற்கள் இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே, அட்டையில் அச்சாகாமல் வாய்மொழியாகவே வந்திருக்கக்கூடும்.

அலமாரியில் ஒட்டப்பட்ட பெயருக்கும் ஒரு நகரின் பேச்சில் ஊறிய சொல்லுக்கும் உள்ள தொலைவை அறிய ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் தென்னிந்தியாவில் வேறில்லை எனலாம். அங்குப் பாரசீகம், அரபு, உருதுவின் தெற்கத்திய வடிவமான தக்கனி, தெலுங்கு, ஆங்கிலம் ஆகியவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பானத்தைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. நீரிலிருந்தே தொடங்கலாம். ராய்துர்க்கத்துக்குத் தென்மேற்கே, காரில் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய தொலைவில், கண்டிப்பேட்டை நீர்த்தேக்கம் உள்ளது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து நகரை அழித்து ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட பிறகு, மைசூரைச் சேர்ந்த பொறியாளர் விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டு வழங்கிய திட்டத்தின்படி மூசியின் குறுக்கே 1920 இல் இந்நீர்த்தேக்கமும், அதன் துணையாறான ஈசியின் குறுக்கே 1927 இல் ஹிமாயத் சாகரும் கட்டி முடிக்கப்பட்டன. உஸ்மான் சாகர் என்று ஏழாம் நிஜாமின் பெயரை அரசு சூட்டியிருந்தபோதும், மக்கள் அது நின்ற சிற்றூரின் பெயராலேயே அதை அழைத்தனர். கண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவர் ஹைதராபாத்தை விட்டு நீங்கமாட்டார் என்ற வழக்கு அந்நகரில் இன்றும் உண்டு. இப்போது நகரின் குடிநீரில் பெரும்பங்கு கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளிலிருந்து நெடுந்தொலைவு குழாய்களில் வருகிறது. வழக்கு மட்டும் பழைய நீரையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ராய்துர்க்கத்திலிருந்து மெட்ரோவில் அமீர்பேட்டை வரை வந்து தடம் மாறினால் லக்டி-கா-புல், நாம்பள்ளி ஆகிய பழைய பகுதிகளை அடையலாம். ஈரானி தேநீர்க் கடைகளின் உலகம் இங்குத் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானின் யஸ்து, கெர்மான் போன்ற வறண்ட பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் புனேவுக்கும் நிஜாமின் தலைநகருக்கும் நகர்ந்து, நாற்சந்திகளின் முனைகளில் பளிங்குப் பலகை பதித்த மேசைகளோடு கடை திறந்தனர். ஆயினும் ஈரானி சாய் என்று பெயர்பெற்ற பானம் ஈரானில் கிடைப்பதன்று. அங்கே பால் கலவாத செந்நிறத் தேநீரைச் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடையே வைத்துக்கொண்டு பருகுவர். பால் இந்நாட்டவரின் நாவுக்காகச் சேர்ந்தது. ஆகவே பெயரில் உள்ள நாடு பானத்தின் பிறப்பிடத்தையன்று, கடைக்காரரின் பிறப்பிடத்தைக் காட்டுகிறது.

இத்தேநீரைச் செய்யும் முறையும் பெயரோடு சேர்ந்தது. தேயிலையையும் நீரையும் செம்புப் பாத்திரத்தில் இட்டு, மூடியின் விளிம்பை ஆவி வெளியேறாதவாறு அடைத்துச் சிறுதீயில் நெடுநேரம் வைப்பதற்குத் தம் என்று பெயர். மூச்சு என்றும் ஆவி என்றும் பொருள்தரும் இப்பாரசீகச் சொல்லே அந்நகரின் பிரியாணிக்கும் அடைமொழியாக நிற்கிறது. பால் தனியே வேறொரு பாத்திரத்தில் சுண்டிக்கொண்டிருக்கும். கேட்பவர் வந்தபின் கோப்பையில் முதலில் வடிநீரும் அதன்மேல் பாலும் ஊற்றப்படும். இரண்டும் தனித்தனியே நிற்பதால் அவற்றின் விகிதத்தைக் கேட்டு வாங்க முடிகிறது, விகிதத்தைக் கேட்க முடிவதால் அதற்கெனச் சொற்கள் பிறந்தன. முக்கால் என்று பொருள்தரும் பவுனா என்ற உருதுச் சொல் இக்கடைகளில் பால் மிகுந்து வடிநீர் குறைந்த கோப்பையைக் குறிக்கும். கரண்டி நின்றவாறே இருக்கும் அளவுக்குச் சர்க்கரை இட்ட தேநீர் கடே சம்மச் கி சாய், அதாவது நிற்கும் கரண்டித் தேநீர்; பாலின்றி எலுமிச்சை பிழிந்தது சுலைமானி. ஒரு கோப்பையை இருவருக்குப் பிரித்துத் தரும்படி கேட்பது ஒன் பை டூ. இவ்வழக்குத் தேநீரோடு நில்லாமல் உணவகங்களின் சூப்புக்கும் பரவி, கணக்கு அறிந்தவர்களால் டூ பை த்ரீ என்றும் நீட்டப்பட்டுவிட்டது.

இச்சொற்களைக் கூர்ந்து நோக்கினால் அவற்றுள் பெரும்பாலானவை சுவையைப் பற்றியவை அல்ல, அளவையும் பங்கையும் பற்றியவை என்பது புலப்படும். ஸ்வீடியரின் போட்டோரும் அவ்வாறே. குடிப்பவர் கடையில் சொல்லியாக வேண்டியது எவ்வளவு, எத்தனை பேருக்கு என்பதேயாகலின், அதற்குத்தான் மொழி கூர்மையடைகிறது. சுவையைச் சொல்ல நன்று என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்துவிடுகிறது. கேட்கும் முறையிலும் தக்கனிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வட இந்திய உருதுவில் தேநீர் வேண்டும் என்பதைச் சாஹியே என்ற சொல்லால் கூறுவர். ஹைதராபாத்தில் சாய் ஹோனா என்பர். ஹோனா என்பது ஆதல். தெலுங்கில் வேண்டும் என்பதற்கு வழங்கும் காவாலி என்ற சொல்லும் ஆதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததே; தெலுங்கின் உள்ளமைப்பு உருதுவின் உடையை அணிந்து நிற்கும் சான்றாக மொழியியலாளர் இதைக் காட்டுவர். வேண்டாம் என்பதற்கு வழங்கும் நக்கோ மராத்தியின் கொடை. ஆக, ஒரு கோப்பைத் தேநீரை ஏற்கவும் மறுக்கவும் அந்நகரத்தார் இரு அண்டை மொழிகளைத் துணைக்கொள்கின்றனர்.

தேநீரோடு வரும் பண்டங்களில், உப்பும் இனிப்பும் கலந்த உஸ்மானியா பிஸ்கட் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் பெயரைத் தாங்கியது. அவர் பெயரால் அமைந்த மருத்துவமனையின் நோயாளிகளுக்காக முதலில் செய்யப்பட்டது என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கதை எவ்வாறாயினும், தேநீரில் முக்கி உண்பதற்கு ஏற்ற அதன் பொலபொலப்பே அதைக் காத்துவந்தது.

நாம்பள்ளியில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் தலைமையகம் அமைந்த கட்டடத்துக்கு ஆப்காரி பவன் என்று பெயர். பாரசீகத்தில் ஆப் என்றால் நீர். ஆப்காரி என்பது நீர் செய்தல், அதாவது மதுவை வடித்தலும் விற்றலும், அதிலிருந்து அதன்மேல் விதிக்கப்படும் வரியும். பிரபுக்களின் மாளிகைகளில் குடிநீரையும் பிற பானங்களையும் பேணியவர் ஆப்தார் எனப்பட்டார். ஆப்தார் என்ற பதவி மாளிகைகளோடு மறைந்தது. ஆப்காரி நிஜாமின் ஆட்சியையும் அதன்பின் வந்த அரசுகள் அனைத்தையும் கடந்து, தெலுங்கு நாளேடுகளில் நாள்தோறும் அச்சாகும் சொல்லாக நிற்கிறது. வரி வசூலிக்கும் சொல்லுக்கு ஆயுள் மிகுதி. நிஜாமின் ஆட்சிக்காலத்தில் ஈச்ச மரத்துக் கள்ளுக்கு சேந்தி என்றும், அதை விற்கும் இடத்துக்குச் சேந்திகானா என்றும், நாட்டுச் சாராயம் வடிக்கப் பயன்பட்ட இலுப்பைப் பூவுக்குக் குல்மொஹ்வா என்றும் அலுவலக ஏடுகள் பெயரிட்டன. தெலுங்கில் அதே பூ இப்பப்பூவு. தமிழரின் இலுப்பைக்கு அது மிக அணுகியது.

இக்காலத்து மதுக்கடைப் பெயர்களில் நகைப்புக்கு இடமுண்டு. நகரெங்கும் உரிமம் பெற்ற கடைகளின் பலகைகளில் ஒரு தெய்வத்தின் பெயரோ உரிமையாளரின் பெயரோ முன்னிற்க, பின்னால் வைன்ஸ் என்ற சொல் இடம்பெறும். உள்ளே விற்பவை பெரிதும் விஸ்கியும் பிராந்தியும் பியருமே, திராட்சை மது தேடினால்தான் கிடைக்கும். கடையை ஒட்டி நின்று குடிப்பதற்கு அனுமதிக்கப்பட்ட கூடம் பர்மிட் ரூம். உரிமமின்றி ஊர்ப்புறத்தில் அக்கடையின் சரக்கை வாங்கி வைத்து விற்கும் சிறுகடை பெல்ட் ஷாப். மதுவுக்கே தெலுங்கில் மந்து என்பது பேச்சுவழக்கு. தமிழின் மருந்து என்ற சொல்லே அது, மருந்துக்கும் இன்றளவும் அதுவே பெயர். குடியும் இறைச்சியும் சேர்ந்த விருந்தைச் சுக்க முக்க என்பர், அதாவது துளியும் துண்டும். ஸ்வீடியர் காப்பிக்குச் சொன்ன துளியைத் தெலங்கானத்தார் மதுவுக்குச் சொல்கின்றனர். அழைப்பு என்ற பொதுப்பொருளுடைய தாவத் என்ற அரபு வழி உருதுச் சொல், தெலங்கானத் தெலுங்கில் பெரும்பாலும் இத்தகைய விருந்துக்கே உரியதாகச் சுருங்கிவிட்டது.

சாரா எனப்படும் சாராயம் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 1993 அக்டோபர் 1 முதல் தடைசெய்யப்பட்டது. நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டா என்னும் சிற்றூரில் எழுத்தறிவு வகுப்புகளுக்கு வந்த பெண்கள் தொடங்கிய போராட்டம் மாநிலமெங்கும் பரவியதன் விளைவு அது. 1995 இல் வந்த முழு மதுவிலக்கு 1997 இல் தளர்த்தப்பட்டபோதும் சாராயத் தடை நீங்கவில்லை. சட்டத்தில் இருந்த சாரா மறைய, திருட்டுத்தனமாக வடிப்பதற்கு முன்பே வழங்கிய குடும்பா என்ற சொல் மட்டும் காவல்துறை அறிக்கைகளில் தங்கியது.

மூசியைக் கடந்து சார்மினார் பக்கம் வந்தால் மது பற்றிய சொற்கள் மறைந்து நீர் பற்றிய சொற்கள் மீண்டும் எழுகின்றன. 1591 இல் இந்நகரைத் தோற்றுவித்த முகம்மது குலி குதுப் ஷா தக்கனியில் பாடல் புனைந்த மன்னர். அவர் கவிதைகளில் பியாலா என்ற கிண்ணமும் அதை நிறைத்துத் தரும் சாக்கியும் அடிக்கடி வருவர். அக்கிண்ணத்தின் பெயர் இப்போது தேநீர்க் கடையில் பியாலியாகச் சிறுத்துப் புழங்குகிறது. குடித்தல் என்ற பொருளுடைய ஒரே அரபு வேரிலிருந்து பிறந்த ஷர்பத், ஷராப் ஆகிய இரண்டில் முன்னது நோன்பு திறக்கும் மாலையில் அனைவர் கையிலும் இருக்க, மதுவான பின்னது மார்க்கத்தால் விலக்கப்பட்டது. அவ்வேரே இலத்தீன் வழியாக ஐரோப்பா சென்று, ஸ்வீடிய மொழியில் சீராப் என்று சர்க்கரைப் பாகைக் குறிக்கிறது.

முகர்ரம் மாதத்தில் பழைய நகரின் தெருக்களில் சபீல் என்னும் நீர்ப்பந்தல்கள் எழுகின்றன. அரபு மொழியில் வழி என்று பொருள்தரும் இச்சொல், இறைவழியில் இலவசமாக வழங்கும் நீருக்கு ஆகிவந்தது. கர்பலாப் போர்க்களத்தில் நபிகளின் பேரர் இமாம் ஹுசைனும் அவர் குடும்பத்தாரும் நீர் மறுக்கப்பட்டு உயிர்நீத்ததன் நினைவாக, தபீர்புராவிலிருந்து பீபி கா அலம் ஊர்வலம் செல்லும் வழியெங்கும் நீரும் ஷர்பத்தும் பாலும் வருவோர் அனைவருக்கும் சமயம் பாராது வழங்கப்படுகின்றன. கோடையில் இதே நகரில் தெலுங்கர் அமைக்கும் தண்ணீர்ப்பந்தலுக்குச் சலிவேந்திரம் என்று பெயர். சில இடங்களில் கேழ்வரகுக் கூழான அம்பலியும் மஜ்ஜிக என்னும் மோரும் அங்குக் கிடைக்கும். ஒன்று துயரத்தின் நினைவாகவும் மற்றொன்று வெயிலின் பொருட்டும் எழுந்தவையாயினும் இரண்டிலும் நீர் விலைக்கு வருவதில்லை. விலையில்லாததால் அங்கே அளவுச் சொற்களும் இல்லை.

சார்மினாருக்குத் தெற்கே சந்திராயன்குட்டாவைத் தாண்டி உள்ள பார்க்கஸ் என்னும் பகுதியின் பெயர், படைவீரர் குடியிருப்பைக் குறிக்கும் பாரக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. யேமன் நாட்டின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து வந்து நிஜாமின் படையிலும் காவலிலும் சேவை புரிந்த அரபியரின் வழியினர் அங்கு வாழ்கின்றனர். ஆண்கள் லுங்கியணிந்து மாலையில் கஹ்வா என்னும் காப்பி பருகும் காட்சி அப்பகுதிக்கு உரியது. காப்பி அருந்தும் வழக்கம் பதினைந்தாம் நூற்றாண்டில் யேமனின் சூஃபிகளிடையே இரவுத் தொழுகையில் விழித்திருக்கும்பொருட்டு வேரூன்றியதாகலின், இப்பானம் யேமனியர் கையில் ஹைதராபாத் வந்தது முறையே. கஹ்வா என்ற அரபுச் சொல் தொடக்கத்தில் மதுவின் பெயர்களுள் ஒன்றாக இருந்தது என்று அகராதி ஆசிரியர்கள் குறிப்பர். துருக்கியரும் டச்சுக்காரரும் வழிவழியாக அதை எடுத்துச்சென்றதால் ஸ்வீடியருக்குக் காஃபெ கிடைத்தது. தமிழருக்கு ஆங்கிலேயர் வழியாகக் காப்பி வாய்த்தது.

பார்க்கஸிலிருந்து கிழக்கே திரும்பி, எல்.பி. நகர் வழியாக விஜயவாடா நெடுஞ்சாலையில் சென்றால் அப்துல்லாபூர்மெட் வருகிறது. இதுவரை கண்ட சொற்களில் பெரும்பாலானவை கடையிலோ அலுவலகத்திலோ பிறந்தவை; இங்குள்ளவை மரத்தில் பிறந்தவை. இவையே தமிழருக்கு மிக அணுக்கமானவை என்பதோடு, மிகக் குறைவாகப் பதிவு பெற்றவையும் ஆகும். கள் தெலுங்கில் கல்லு. பனங்கள் தாட்டிக் கல்லு, ஈச்சங்கள் ஈதக் கல்லு. கள் இறக்குதலைத் தெலுங்கர் கீத்த என்பர், இறக்குபவர் கீத்தக் கார்மிகர். பாளையைச் சீவுவதைக் கீறலாகக் கண்டு பெயரிட்ட இச்சொல் தமிழின் கீறு, கீற்று என்பனவற்றுக்கு உறவானது. இடுப்பையும் மரத்தையும் வளைத்துக் கட்டும் கயிறு மோக்கு. அக்கயிறும் கருவிகளும் சேர்ந்த தொகுதியை மோக்கு முஸ்தாது என்று இணைத்தே வழங்குவர். மரத்தில் கட்டும் மண்கலம் லொட்டி, தமிழில் கலயம். ஆண்பனைக்குப் போத்துத்தாடு என்று பெயர். விலங்கின் ஆணைப் போத்து என்னும் தமிழ் மரபை அறிந்தவர் இதை விளக்கமின்றியே புரிந்துகொள்வர்.

இத்தொழிலுக்குரிய கௌடு சமூகத்தார் காட்டமய்யாவைக் குலதெய்வமாக வழிபடுகின்றனர். மொகலாயர் ஆட்சிக்கு எதிராகக் கள் இறக்குவோரையும் பிற எளிய மக்களையும் திரட்டி 1708 இல் வாரங்கல் கோட்டையைத் தாக்கிச் சூறையாடிய சர்வாய் பாப்பண்ணா இச்சமூகத்தவர். பாரசீக வரலாற்று ஏடு அவரைக் கொள்ளையர் என்கிறது, தெலங்கானத்து நாட்டார் பாடல்கள் வீரர் என்கின்றன. மரத்திலிருந்து விழுந்து இறப்பதும் முடமாவதும் இத்தொழிலின் நீங்காத இடர். 2024 ஜூலையில் அப்துல்லாபூர்மெட்டை அடுத்த லஷ்கர்குடாவில் தெலங்கானா அரசு வழங்கத் தொடங்கிய பாதுகாப்புக் கருவித் தொகுதிக்குக் காட்டமய்யா ரட்சண கவசம் என்று அத்தெய்வத்தின் பெயரையே இட்டது பொருத்தமான செயல். ஆடி மாதத்துப் போனாலு விழாவில் கோல்கொண்டாவிலும் செகந்திராபாத்திலும் லால் தர்வாசாவிலும் அம்மனுக்கு மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நீரையோ கள்ளையோ ஊற்றிப் படைப்பதற்குச் சாக்க என்று பெயர்; கள்ளைக் குற்றமாக அன்றிக் காணிக்கையாகக் கருதும் மொழி அங்கு இன்னும் உயிரோடிருக்கிறது.

நகருக்குள் கள் விற்கும் இடத்தை மக்கள் கல்லு காம்பவுண்டு என்கின்றனர். மதில் சூழ்ந்த வெளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கள்ளுக்கடையின் பெயராகியது தெலங்கானத்துக்கே உரிய வழக்கு. 2004 இல் ஹைதராபாத்தில் மூடப்பட்ட இக்கடைகள், மாநிலம் பிரிந்த 2014 இல் மீண்டும் திறக்கப்பட்டன. ஆனால் நகரைச் சுற்றிய பனையும் ஈச்சையும் வீட்டுமனைகளாகிவிட்ட பின் மரத்துக்கும் கடைக்கும் இடையிலான தொலைவு பெருகியது. தேவைக்குக் கள் போதாத இடத்தில் மயக்கம் தரும் அல்ப்ரசோலம், டயசெபாம் போன்ற மருந்துகளைக் கரைத்து விற்கும் கேடு புகுந்தது. மதுவை மந்து என்று அழைத்த மொழியில் மருந்தே மதுவில் கலந்தது கொடுமை. 2025 ஜூலையில் குக்கட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் குடித்தவர்களில் சிலர் இறந்தனர். இதற்கு மாறாக, ஹுசைன் சாகர் ஏரிக்கரையின் நெக்லஸ் சாலையில் 2023 மே மாதம் அரசு திறந்த நீரா கஃபே, புளிக்காத இன்சாற்றைக் குளிர்நிலையில் கொண்டுவந்து விற்கும் நோக்கத்தோடு அமைந்தது. நீரா என்பது தமிழரின் பதநீருக்கு நெருங்கியதாயினும் அதுவே அன்று; பதநீர் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிப் புளிப்பைத் தடுத்துப் பெறுவது, நீராவோ விடியுமுன் இறக்கிக் குளிரூட்டிக் காக்கப்படுவது.

ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமியின் சார்பில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962 இல் வேளாண் சொற்களைத் தொகுத்து வெளியிட்ட வட்டார வழக்குத் தொழிற்சொல் அகராதி, உழவரிடம் நேரில் சென்று சொல் திரட்டும் முறையை இந்திய மொழிகளுக்குக் காட்டித் தந்தது. அவ்வழியில் கள் இறக்குவோரின் சொற்களை மரம்வாரியாகவும் மாவட்டவாரியாகவும் தெலுங்கிலும் தமிழிலும் இணைத்துத் தொகுப்பது செய்யத்தக்க பணி. தேநீர்க் கடையின் சொற்களை நகரமே காத்துக்கொள்ளும், ஆப்காரியின் சொற்களைக் கருவூலம் காக்கும், மரமேறுபவரின் சொற்களுக்கு அத்தகைய காவல் இல்லை. பனையை 1978 இல் மாநில மரமாக அறிவித்த தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள் இறக்குவதற்குத் தடை இருப்பதால், அத்தொழிலின் சொற்கள் வெளிப்படையாகப் புழங்கக் கேட்க விரும்பும் தமிழ் வாசகர் தெலங்கானத்துக்கே செல்ல வேண்டும். பனங்கள் கோடையில் மிகும், ஈச்சங்கள் குளிர்காலத்தில். எப்பருவமாயினும் வெயில் ஏறுவதற்கு முன், மரத்தடியில் வாங்குவதே நன்று.